கட்டம் திறக்க மறுத்தால்: மதிப்பீட்டுக் கோப்பில் எழுத முடியாதபோது எங்கே பார்ப்பது?

“டீச்சர், நம்பர் அடிச்சா விழவே மாட்டேங்குது.”

“சார், நேத்து வரைக்கும் எழுத முடிஞ்சது. இன்னிக்கி திறந்தா பூட்டிக்கிச்சு.”

அறிக்கை ஒப்படைக்கும் வாரங்களில் பள்ளிப் புலனக் குழுக்களில் இந்த இரண்டு வரியும் தவறாமல் வந்துவிடும். உடனே பதில்களும் வரிசை கட்டும். “மூடிட்டுத் திறங்க.” “கணினியை ரீஸ்டார்ட் பண்ணுங்க.” “என்கிட்ட பூட்டு உடைச்ச ஃபைல் இருக்கு, அனுப்பவா?” இவற்றில் மூன்றாவது பதில்தான் ஆபத்தானது. அது ஏன் என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நெகிரி செம்பிலானில் ஏறக்குறைய 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல ரந்தாவ், லின்சம், சுவா பெத்தோங், பகாவ், கெமென்சே போன்ற பகுதிகளில் தோட்டத்தோடு பிறந்தவை. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள, எஸ்கேஎம் எனப்படும் சிறிய பள்ளிகளும் நிறைய. இப்படிப்பட்ட பள்ளியில் கணினிக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. வகுப்பாசிரியரே பாடநூல் பொறுப்பாளர், அவரே தேர்வுச் செயலாளர், மாலையில் காற்பந்துப் பயிற்றுநரும் அவரே. பதிவுகள் மெல்ல மெல்ல இணைய முறைக்கு மாறிக்கொண்டிருந்தாலும், அவருடைய மடிக்கணினியில் அந்த எக்செல் கோப்பு இன்னும் இருக்கிறது. மாணவர் பெயர், ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை அடைவு நிலை, அதிலிருந்து தானாக உருவாகும் தனிநபர் அறிக்கை எல்லாம் அதில்தான்.

கட்டம் எழுத மறுக்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் காரணத்தோடு அதை மூடியிருக்கிறார். மூடியது யார்? கணினியா, இன்னொரு ஆசிரியரா, டெம்ப்ளேட்டைச் செய்தவரா, நம்மையறியாமல் நாமேவா? அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை, திரையில் வரும் செய்தியைப் படித்தாலே போதும். நம்மில் பலர் அந்தப் பெட்டி வந்த வேகத்திலேயே ‘ஓகே’யை அழுத்தி மூடிவிடுகிறோம். அடுத்த முறை அதைப் படம் பிடித்துவிட்டு மூடுங்கள். “ஃபைல் வேலை செய்யல” என்று எழுதுவதைவிட அந்தப் படத்தை அனுப்பினால் உதவி வேகமாகக் கிடைக்கும்.

கோப்பு முழுவதும் மூடியிருந்தால்

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு கட்டத்தில் மட்டும் எழுத முடியவில்லையா, எந்தத் தாளிலும் எந்தக் கட்டத்திலும் முடியவில்லையா? எங்குமே முடியவில்லை என்றால் பிரச்சினை கட்டத்தில் இல்லை, கோப்பில்.

மேலே மஞ்சள் பட்டை தெரிகிறதா? இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ புலனத்திலிருந்தோ வந்த கோப்பை எக்செல் சந்தேகத்தோடு, படிக்க மட்டும் திறந்து வைத்திருக்கிறது. அனுப்பியவரைத் தெரியும் என்றால் பட்டையில் உள்ள ‘எனேபிள் எடிட்டிங்’ பொத்தானை அழுத்துங்கள். பட்டை சிவப்பாக இருந்து, மேக்ரோ தடுக்கப்பட்டது என்று சொன்னால் அது வேறு விஷயம். 2022 முதல் இணையத்தில் இறங்கிய கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் தானாகவே தடுக்கிறது. டெம்ப்ளேட்டில் உள்ள ‘அச்சிடு’, ‘அடுத்த மாணவர்’ போன்ற பொத்தான்கள் அசையாமல் கிடப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். கோப்பை மூடி, அதன் மேல் வலது சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், கீழே இருக்கும் ‘அன்பிளாக்’ கட்டத்தில் குறியிட்டால் சரியாகும். ஆனால் அதிகாரபூர்வ இடத்திலிருந்து நீங்களே பதிவிறக்கிய கோப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எந்தக் குழுவிலிருந்து வந்தது என்றே தெரியாத கோப்புக்கு வேண்டாம்.

ஸிப் கோப்பை விரிக்காமல் உள்ளேயே இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தால், படிக்க மட்டும் முடியும் கோப்பாகவே அது திறக்கும். விரித்து, வேறு கோப்புறையில் வைத்து, பிறகு திறங்கள்.

‘இன்னாரால் பூட்டப்பட்டுள்ளது’ என்று ஒரு பெயரோடு செய்தி வந்தால், பள்ளியின் பொதுக் கோப்புறையில் அந்த ஆசிரியர் ஏற்கனவே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார். சில நேரம் அவர் வீட்டுக்கே போயிருப்பார், கணினியும் அணைந்திருக்கும், ஆனாலும் பெயர் காட்டும். மதிய இடிமழையில் மின்சாரம் போனால் இது நடக்கும். எக்செல் கோப்பைத் திறக்கும்போது அதன் அருகிலேயே அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த ஒரு மறைகோப்பை உருவாக்குகிறது. முறையாக மூடினால் அது அழிந்துவிடும், மின்தடை வந்தால் அப்படியே தங்கிவிடும். வேறு யாரும் கோப்பைத் திறந்திருக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்தச் சிறு கோப்பை மட்டும் அழியுங்கள். அவசரத்தில் உண்மையான கோப்பை அழித்துவிடாதீர்கள்!

‘இறுதியாக்கப்பட்டது’ என்று பட்டை வந்தால் ‘எடிட் எனிவே’ அழுத்தினால் போதும். அது பூட்டு அல்ல, வேண்டுகோள். தலைப்பில் ‘அன்லைசென்ஸ்டு’ என்று இருந்தால் அந்தக் கணினியில் ஆபிஸ் உரிமம் காலாவதியாகியிருக்கிறது. கோப்பு நன்றாகவே இருக்கிறது, வேறு கணினியில் திறந்து பாருங்கள். கைப்பேசியில் திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேக்ரோ உள்ள டெம்ப்ளேட் கைப்பேசிச் செயலியில் முழுதாக இயங்காது. அதில் பார்க்கலாம், நிரப்ப வேண்டாம்.

சில கட்டங்கள் மட்டும் மறுத்தால்

‘பாதுகாக்கப்பட்ட தாளில் இந்தக் கட்டம் உள்ளது’ என்ற செய்தி வந்தால், டெம்ப்ளேட்டைச் செய்தவர் போட்ட பூட்டு அது. இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களும் இதைக் கவனிக்கலாம்.

எக்செலில் புதிதாக ஒரு தாளைத் திறந்தால் அதன் எல்லாக் கட்டங்களும் ஏற்கனவே ‘லாக்டு’ என்ற குறியோடுதான் பிறக்கின்றன. ஆனாலும் நம்மால் எழுத முடிகிறது, ஏனென்றால் தாளுக்குப் பாதுகாப்பு போடாதவரை அந்தக் குறிக்குப் பலனில்லை. தோட்டத்து வீட்டு வரிசையில் ஒவ்வொரு கதவிலும் பூட்டு தொங்குகிறது, ஆனால் சாவியைத் திருப்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ரிவியூ’ பட்டியில் ‘ப்ரொடெக்ட் ஷீட்’ என்பதை அழுத்துவதுதான் சாவியைத் திருப்புவது. அந்த நொடியில் குறி உள்ள எல்லாக் கட்டங்களும் மூடிக்கொள்கின்றன. டெம்ப்ளேட் செய்பவர் ஆசிரியர் நிரப்ப வேண்டிய கட்டங்களின் குறியை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டுப் பிறகு சாவியைத் திருப்புவார்.

எந்தக் கட்டங்கள் திறந்திருக்கின்றன என்று தெரிய ஓர் எளிய வழி: விசைப்பலகையில் ‘டேப்’ விசையை அழுத்திக்கொண்டே போங்கள். பாதுகாக்கப்பட்ட தாளில் அது திறந்த கட்டத்திலிருந்து அடுத்த திறந்த கட்டத்துக்கு மட்டும் தாவும். சுட்டியால் சொடுக்கினால் தேர்வுகூட ஆகாத கட்டங்கள் சில தாள்களில் இருக்கும். அதையும் டெம்ப்ளேட் செய்தவர் வேண்டுமென்றேதான் அடைத்திருப்பார், சுட்டி கெட்டுப்போகவில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. நீங்கள் எழுத முயன்றது எழுத வேண்டிய இடம்தானா? அறிக்கைத் தாளில் மாணவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அங்கேயே திருத்தப் பார்க்கிறீர்கள், முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பெயர் அங்கே எழுதப்பட்டதே இல்லை. பெயர்ப்பட்டியல் தாளிலிருந்து சூத்திரம் ஒன்று அதை எடுத்து வந்து காட்டுகிறது. பட்டியலில் திருத்தினால் எல்லாத் தாளிலும் திருந்தும். அடைவு நிலைக்கான விளக்க வரியும் அப்படியே. ஆசிரியர் 4 என்று பதிந்தால், நான்காம் நிலைக்குரிய வரி வேறொரு தாளிலிருந்து வந்து விழும். பூட்டிய கட்டத்தைச் சொடுக்கிவிட்டு மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். சமக்குறியில் தொடங்கினால், உங்கள் வேலை அந்தக் கட்டத்தில் இல்லை, அது கைகாட்டும் இடத்தில் இருக்கிறது. சில டெம்ப்ளேட்டுகளில் சூத்திரத்தையும் மறைத்திருப்பார்கள். அப்படியென்றால் பெயர்ப்பட்டியல், பதிவுத் தாள் என்ற வரிசையில் தேடிப் போங்கள்.

பூட்டை உடைத்த கோப்பு ஏன் ஆபத்து என்பது இங்கேதான் புரியும். அறிக்கைத் தாளில் ஒரு மாணவியின் கணித அடைவு நிலை தவறாக 3 என்று காட்டுகிறது. உண்மையில் அவள் 4. பதிவுத் தாளைத் தேடிப் போக நேரமில்லை. உடைத்த கோப்பில் நேராக 4 என்று அடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அங்கிருந்த சூத்திரம் அந்த நொடியே செத்துப்போனது. அரையாண்டு கழித்து ஆசிரியர் அவளுடைய நிலையைப் பதிவுத் தாளில் 5 ஆக உயர்த்துகிறார். அறிக்கையில் இன்னும் 4தான். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. அச்சிட்டு, கையெழுத்திட்டு, பெற்றோரிடம் போய்விடும். யுபிஎஸ்ஆர் 2021இல் அகற்றப்பட்ட பிறகு, ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளையின் கையில் தேசியத் தேர்வுச் சான்றிதழ் இல்லை. பள்ளி தயாரிக்கும் அறிக்கைதான் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெற்றோர் அந்தத் தாளில் உள்ள எண்ணை நம்புகிறார். பின்னால் ஒரு பதிவுத் தாள் இருப்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அரசுக் கடன் 90 விழுக்காட்டைத் தாண்டினால் நாட்டின் வளர்ச்சி சரியும் என்றது. பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கை மறுபடி போட்டபோது விடை ஒத்துவரவில்லை. மூல எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் சேராமல் விடுபட்டிருந்தன. ஆய்வில் வேறு குறைகளையும் அவரும் அவருடைய பேராசிரியர்களும் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் உலகமெல்லாம் பேசியது அந்த ஐந்து வரிசைகளைப் பற்றித்தான். நம் வகுப்பில் பதினாறாவது மாணவன் ஆண்டு நடுவே மாற்றலாகி வந்து சேரும்போது, பதினைந்து பேருக்கு எழுதிய சூத்திரம் அவனைச் சேர்த்துக்கொண்டதா என்று பார்க்கிறோமா?

நேற்று திறந்திருந்த கட்டம் இன்று பூட்டிக்கொண்டால்

இதைத்தான் பலர் “ஃபைலுக்கு வைரஸ் வந்துடுச்சு” என்கிறார்கள். வைரஸ் இல்லை. ‘காப்பி–பேஸ்ட்’ செய்த வேலை.

வேறொரு கோப்பில் மாணவர் பெயர்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் கோப்புக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் முன்பு சொன்னதுபோல அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ‘லாக்டு’ குறி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை நகலெடுத்து டெம்ப்ளேட்டின் திறந்த கட்டங்களில் ஒட்டும்போது, எழுத்தோடு அதன் நிறமும் எழுத்துருவும் வருவதுபோல அந்தக் குறியும் கூடவே வந்துவிடுகிறது. டெம்ப்ளேட் தாளில் சாவி ஏற்கனவே திருப்பியிருக்கிறது. ஆக, ஒட்டிய மறுகணமே அந்தக் கட்டங்கள் பூட்டிக்கொள்கின்றன. பெயர்கள் அழகாக உட்கார்ந்திருக்கும், அதனால் அன்று யாரும் கவனிக்க மாட்டார்கள். மறுநாள் ஒரு பெயரில் எழுத்துப்பிழை திருத்தப் போனால்தான் தெரியும்.

கண்ட்ரோல் விசையோடு எக்ஸ் அழுத்தி வெட்டி ஒட்டுவது இதைவிட மோசம். ஒரு பெயரை வெட்டி இரண்டு வரிசை கீழே வைத்தால், காலியான பழைய இடம் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, அதாவது பூட்டிய கட்டமாகி, நின்றுவிடும். அதோடு மற்றத் தாள்களில் அந்தப் பெயரைத் தேடி வந்த சூத்திரங்கள் புதிய இடத்துக்கு நகர்ந்துவிடும். புதிய இடத்தில் முன்பே இருந்த கட்டத்தை நம்பியிருந்த சூத்திரங்களில் ‘ரெஃப்’ என்ற பிழை முளைக்கும். சுட்டியால் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து வைப்பதும் வெட்டி ஒட்டுவதுதான். எத்தனையோ அறிக்கைகள் இப்படித்தான் வரிசை மாறி, ஒருவர் பெயரில் இன்னொருவர் அடைவு நிலையோடு வெளியே வருகின்றன.

நடந்த உடனே தெரிந்தால் கண்ட்ரோலும் இசட்டும் அழுத்திப் பின்வாங்குங்கள். மறுநாள் தெரிந்தால் அந்தக் கோப்பை ஒட்டுப்போட முயல வேண்டாம். டெம்ப்ளேட்டின் புதிய நகலை எடுத்து, இருக்கும் தரவை அதில் முறையாக ஒட்டுவதே பாதுகாப்பு. முறையாக என்றால்: நகலெடுத்து, திறந்த கட்டத்தில் வலது சொடுக்கி, ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ போய், ‘வேல்யூஸ்’ என்பதைத் தேர்ந்தெடுப்பது. எழுத்தும் எண்ணும் மட்டும் வரும், வேறு எந்தக் குறியும் வராது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களை அகர வரிசைப்படுத்துவதும் பாதுகாக்கப்பட்ட தாளில் பெரும்பாலும் நடக்காது. வரிசைப்படுத்தும் பகுதியில் ஒரு பூட்டிய கட்டம் இருந்தாலே எக்செல் மறுக்கும். வெற்றுக் கோப்பு ஒன்றில் வரிசைப்படுத்திவிட்டு, அடைவு நிலைகளைப் பதியத் தொடங்கும் முன்பே, மதிப்புகளாகக் கொண்டுவந்து ஒட்டுங்கள். பதிவு தொடங்கிய பிறகு புதிய மாணவர் வந்தால் பட்டியலின் கடைசியில் சேருங்கள். அகர வரிசை கெடும், பரவாயில்லை. பெயரை மட்டும் நடுவே நுழைத்தால் எண்கள் கீழே நகராது.

எழுத விடுகிறது, ஆனால் ஏற்க மறுக்கிறது

கட்டத்தில் தட்டச்சு செய்ய முடிகிறது, என்டர் அழுத்தினால்தான் சண்டைக்கு வருகிறது என்றால் அது பூட்டு அல்ல, நிபந்தனை. அடைவு நிலைக் கட்டத்தில் 1 முதல் 6 வரை மட்டும் என்று நிபந்தனை இருந்தால், 45 என்று கைதவறி அடித்ததை அது ஏற்காது. ‘டிபி 4’ என்று எழுத்தோடு அடித்ததையும் ஏற்காது. வெறும் 4 போதும். தாளில் பாதுகாப்பு இல்லையென்றால் ‘டேட்டா’ பட்டியில் ‘டேட்டா வேலிடேஷன்’ திறந்தால் எந்த மதிப்பை ஏற்கும் என்று பார்க்கலாம். பாதுகாப்பு இருந்தால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். அப்போது கட்டத்தின் வலப்பக்கம் சிறு அம்புக்குறி வருகிறதா பாருங்கள், பட்டியல் அதில் இருக்கும்.

இங்கேயும் காப்பி–பேஸ்ட் ஒரு கள்ளவழி. நிபந்தனை தட்டச்சைத்தான் சோதிக்கும், ஒட்டியதைச் சோதிக்காது. சாதாரணமாக ஒட்டினால் நிபந்தனையே அழிந்துபோகும், மதிப்பாக ஒட்டினாலும் தவறான எண் உள்ளே நுழைந்துவிடும். ஆகவே அடைவு நிலைகளை ஒட்டாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள். பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது பத்து நிமிட வேலை.

சில்லறைக் காரணங்கள் இன்னும் சில உண்டு. ‘அணியின் ஒரு பகுதியை மாற்ற முடியாது’ என்ற பொருளில் செய்தி வந்தால் அந்தக் கட்டம் ஒரு கூட்டுச் சூத்திரத்தின் துண்டு. எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். பட்டியில் பாதிப் பொத்தான்கள் மங்கியிருந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் பாதி எழுதி விட்டிருப்பீர்கள், அல்லது கீழே பல தாள்கள் ஒன்றாகத் தேர்வாகியிருக்கும். இந்த இரண்டாவதில் கவனம் தேவை, ஒரு தாளில் எழுதுவது தேர்வான எல்லாத் தாளிலும் பதியும்.

கூகுள் ஷீட்ஸில்

டெலிமா வந்த பிறகு பல பள்ளிகள் பொதுப் பட்டியல்களைக் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றிவிட்டன. அங்கே எழுத முடியவில்லை என்றால் முதலில் திரையின் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். கைப்பேசியில் சொந்த ஜிமெயில், பள்ளிக்கு டெலிமா கணக்கு என்று நமக்கு இரண்டு அடையாளம். கோப்பை டெலிமா கணக்குக்குப் பகிர்ந்திருப்பார்கள், நாம் ஜிமெயிலோடு உள்ளே போய் நின்றிருப்போம். கணக்கை மாற்றினால் கதவு திறக்கும். அனுமதி கேட்டு மனு அனுப்பத் தேவையில்லை. (மனு இரவு பதினொரு மணிக்கு உரிமையாளரின் கைப்பேசியில் போய் ஒலிக்கும். காலையில் அவரைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.)

கணக்கு சரியாக இருந்தும் ‘வியூ ஒன்லி’ என்றால் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். தாள் திறந்திருந்து சில கட்டங்கள் மட்டும் மறுத்தால், உரிமையாளர் அந்தப் பகுதியைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார். கூகுளில் பூட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. யாருக்கு உரிமை என்ற பட்டியல்தான் உண்டு. அதை மாற்ற உரிமையாளரையோ திருத்தும் உரிமை பெற்றவரையோ கேட்கத்தான் வேண்டும்.

பாஸ்வேர்டு யாரிடம்?

எக்செலில் இரண்டு வகைப் பாஸ்வேர்டு உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. கோப்பைத் திறக்கவே கேட்பது ஒன்று. அது உண்மையான பூட்டு, தொலைந்தால் மைக்ரோசாப்டே மீட்டுத் தர முடியாது. தாளைத் திருத்த மட்டும் கேட்பது மற்றது. இது பாதுகாப்புக்காகச் செய்ததல்ல என்று மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. கை தவறாமல் இருக்கப் போட்ட வேலி, அவ்வளவுதான். அதனால்தான் அதை உடைக்கும் வழிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் ‘இங்கே பதிவேற்றுங்கள், பூட்டை நீக்கித் தருகிறோம்’ என்னும் தளங்களுக்கு நம் கோப்பை அனுப்புவது பிள்ளைகளின் பெயரையும் மைகிட் எண்ணையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதாகும். அதைச் செய்யவே கூடாது. அதிகாரபூர்வ டெம்ப்ளேட்டில் சூத்திரமே தவறாக இருப்பதாகத் தோன்றினால், தேர்வுச் செயலாளர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்தத் தவறு உங்கள் பள்ளியில் மட்டும் இருக்காது.

பள்ளியிலேயே செய்த கோப்புகளில் கதை வேறு. கணினி தெரிந்த ஓர் ஆசிரியர் வருகைப் பதிவுக்கோ, போட்டி விளையாட்டுப் புள்ளிகளுக்கோ, நூலக இரவல் கணக்குக்கோ அருமையான கோப்பு ஒன்றைச் செய்து பூட்டி வைத்திருப்பார். மூன்றாண்டு எல்லாரும் பயன்படுத்துவார்கள். பிறகு அவருக்கு மாற்றல் வந்து ஜொகூருக்கோ கெடாவுக்கோ போய்விடுவார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். வகுப்பு எண்ணிக்கை மாறுகிறது, கோப்பை மாற்ற முடியவில்லை, மறுபடி காகிதத்துக்கே திரும்புகிறார்கள். சிறிய பள்ளியில் ஒருவர் போவது என்பது ஒரு துறையே போவதற்குச் சமம். மாற்றல் கடிதம் வந்ததும் ‘நோத்தா செரா துகாஸ்’ எழுதுகிறோம் அல்லவா, அதில் அலமாரிச் சாவிகளின் கீழே கோப்புகளின் பெயர், இருக்கும் இடம், பாஸ்வேர்டு என மூன்று வரி சேர்த்துவிடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டோடு எழுதுங்கள், எக்செல் அதைப் பார்க்கும்.

அதைவிட நல்லது, சொந்தக் கோப்பைப் பாஸ்வேர்டு இல்லாமலே பூட்டுவது. கைதவறுதலைத் தடுக்க அதுவே போதும். செய்முறை சுலபம். நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் 1-உம் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘ப்ரொடெக்ஷன்’ பக்கத்தில் ‘லாக்டு’ குறியை எடுத்துவிட்டு ‘ஓகே’. அந்தக் கட்டங்களுக்கு வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்தால் எங்கே எழுதலாம் என்று யாரும் உங்களிடம் கேட்க வரமாட்டார்கள். பிறகு ‘ரிவியூ’, ‘ப்ரொடெக்ட் ஷீட்’. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விட்டு ‘ஓகே’. திறக்க வேண்டுமானால் அதே இடத்தில் ‘அன்ப்ரொடெக்ட் ஷீட்’. வரிசை முக்கியம்: முதலில் குறியை எடுப்பது, பிறகு பாதுகாப்பு. மாற்றிச் செய்தால் தாள் முழுவதும் மூடிக்கொள்ளும்.

எஸ்பிஎம் மாணவர்கள் இதைத் தங்கள் மீள்பார்வை அட்டவணையிலேயே செய்து பார்க்கலாம். பாடம், இலக்கு, பெற்ற புள்ளி ஆகிய மூன்று நெடுவரிசைகளைத் திறந்து விட்டு, நான்காவதில் வித்தியாசம் காட்டும் சூத்திரத்தை எழுதிப் பூட்டுங்கள். பிறகு வெட்டி ஒட்டிப் பாருங்கள், மேலே சொன்ன ‘ரெஃப்’ பிழையை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். தேர்வுப் பதிவுக்காக வகுப்பில் மைகார்டு எண்களைத் திரட்டும் மாணவத் தலைவர்களுக்கு ஒன்று: 2009இல் பிறந்தவரின் எண் 09 என்று தொடங்கும், எக்செல் அதை எண்ணாகக் கருதி முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். எத்தனை முறை திருத்தினாலும் சுழியம் நிற்காது. கட்டம் பூட்டியிருப்பதாக நினைத்துப் போராட வேண்டாம். தட்டச்சு செய்யும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிட்டால் பன்னிரண்டு இலக்கமும் அப்படியே இருக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் எண்ணில் முன்சுழியம் இல்லை. ஆனால் பன்னிரண்டு இலக்கம் என்பதால் நடுவே புள்ளியும் ‘ஈ’ என்ற எழுத்தும் வந்து சுருங்கிக் காட்டும். அதற்கும் இதே மருந்துதான்.